துக்கத்தில் இருக்கும் பூர்வகுடிப் பிள்ளை: ஆஸ்திரேலிய நலப்பணியில் பண்பாட்டறிவின் இடம்

ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் குடும்பங்களில் சாவு சீக்கிரமே வருகிறது. 2020–22 ஆண்டுகளுக்கான அரசுக் கணக்குப்படி பூர்வகுடி ஆண்களின் சராசரி ஆயுள் 71.9 ஆண்டுகள், பெண்களின் சராசரி ஆயுள் 75.6 ஆண்டுகள். நாட்டின் மற்ற மக்களோடு ஒப்பிட்டால் ஆண்களுக்கு 8.8 ஆண்டுகளும் பெண்களுக்கு 8.1 ஆண்டுகளும் குறைவு. சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, இதய நோய், சாலை விபத்து, தற்கொலை ஆகியவற்றால் நடுவயதிலேயே போய்ச் சேர்பவர்கள் பலர். ஒரு பதின்ம வயதுப் பிள்ளை சாய்ந்துகொள்ளும் தோள்கள் இந்த வயதினருடையவைதாம். உறவு வட்டமும் பெரியது. ஆகவே பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் பல சாவு வீடுகளில் நின்றுவிட்ட பிள்ளைகள் அங்கே அபூர்வமல்ல.

அப்படிப்பட்ட பிள்ளை பள்ளிக்கு வராமல் போனாலோ, காவல்துறையிடமோ மருத்துவமனையிடமோ போய்ச் சேர்ந்தாலோ, அவனுக்கு ஒரு 'கேஸ் மேனேஜர்' அமர்த்தப்படுவதுண்டு. அவனுடைய நிலையை மதிப்பிடுவது, திட்டம் வகுப்பது, பள்ளி, மருத்துவமனை, வீட்டுவசதி, நீதிமன்றம் ஆகியவற்றை அவனுக்காக ஒருங்கிணைப்பது, முன்னேற்றத்தைக் கவனிப்பது, முடிவில் கோப்பை மூடுவது ஆகியவை அவர் பொறுப்பு. சமூகப்பணிப் படிப்பு இந்தப் படிகளைப் பெரும்பாலும் இதே வரிசையில்தான் கற்பிக்கிறது. பூர்வகுடிப் பிள்ளையின் துக்கத்தில் ஒவ்வொரு படியும் தவறிப்போக வாய்ப்புண்டு. பண்பாட்டறிவை நல்ல பணியின்மேல் கூடுதலாகச் சேர்க்கும் மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லாவிட்டால் மதிப்பீடே பிழையாகிவிடும் என்பதுதான் உண்மை.

விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்ளலாம். 15 வயதுச் சிறுவன். மத்திய ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கிறான். குடும்பத்தின் சொந்த நிலம் மேற்கே பாலைவனத்தில், சில நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்காக நகரத்துக்கு வந்து பல ஆண்டுகள் தங்கியிருந்த தாய்மாமன் இறந்துபோகிறார். சிறுவன் மூன்று வாரம் காணாமல் போகிறான். திரும்பி வந்தபின் யாரிடமும் பேசுவதில்லை. இரவில் மாமா வந்து நிற்கிறார் என்று பள்ளிச் செவிலியரிடம் சொல்கிறான். கையில் ஆறாத காயம் ஒன்று இருக்கிறது. கோப்பில் பதிவாவது இதுதான்: பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை, நிலையான இருப்பிடம் இல்லை, ஒத்துழைக்க மறுக்கிறான், மாயக்காட்சி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளல். ஐந்துமே கண்ணால் கண்டவைதாம். ஐந்துக்கும் வேறு பொருள் இருக்கக்கூடும்.

சாரி பிசினஸ்

ஒரு சாவையொட்டிப் பூர்வகுடி மக்கள் நிறைவேற்றும் கடமைகள் அனைத்தையும் அவர்களே ஆங்கிலத்தில் 'சாரி பிசினஸ்' என்று அழைக்கிறார்கள். இறுதிச் சடங்கு அதில் ஒரு பகுதி மட்டும்தான். மத்திய ஆஸ்திரேலியாவில் சாவுச் செய்தி வந்ததும் குடும்பத்தார் இறந்தவர் வாழ்ந்த வீட்டைவிட்டு வெளியேறி, ஊருக்குப் புறத்தே துக்க முகாம் போட்டுத் தங்குகிறார்கள். உறவினர் வண்டி வண்டியாக வந்து சேர்கிறார்கள். வருபவர்களும் இருப்பவர்களும் கட்டியணைத்து ஒப்பாரி வைக்கிறார்கள். உடலில் வெள்ளைக் களிமண் பூசுவது, தலைமுடியை வெட்டிக்கொள்வது, காலியான வீட்டுக்கு இலைப் புகை போடுவது ஆகியவை இடத்துக்கு இடம் மாறும் வழக்கங்கள். அந்த வீட்டுக்குள் மாதக்கணக்கில் யாரும் குடிபோகாமல் இருப்பதும் உண்டு.

அடக்கம் உடனே நடப்பதில்லை. பிணப் பரிசோதனை, சாலையை மூடும் மழை, தொலைவில் இருக்கும் உறவினருக்கான காத்திருப்பு, சவப்பெட்டிக்கும் எரிபொருளுக்கும் திரட்ட வேண்டிய பணம் என்று வாரங்கள் ஓடிவிடும். இந்நாட்களில் யார் எங்கே உட்கார வேண்டும், யார் அழ வேண்டும், யார் சமைக்க வேண்டும், யார் பேசக் கூடாது என்பதையெல்லாம் உறவுமுறைதான் தீர்மானிக்கிறது. சிறுவனும் அதற்கு உட்பட்டவனே. இறந்தவர் அம்மாவின் கூடப்பிறந்தவராக இருக்கும்போது அவன் வராமல் இருப்பது பெரிய அவமதிப்பு. மூன்று வாரம் பள்ளிக்கு வராத பிள்ளை, அந்த மூன்று வாரமும் தன் சமூகம் எதிர்பார்த்த இடத்தில்தான் இருந்திருக்கிறான்.

பேசாமல் இருப்பதும் அப்படித்தான். மத்திய ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மக்களிடையே கணவனை இழந்த பெண்கள் நீண்ட காலம் வாய் பேசாமல் கைச்சைகையால் மட்டுமே பேசுவது மரபு. அதற்காக வளர்ந்த சைகை மொழி எவ்வளவு செழுமையானது என்பதை ஆடம் கெண்டன் 1988-இல் வெளியிட்ட ஆய்வு நூல் காட்டியது. பதின்ம வயதுப் பையனுக்கு இந்த விதி பொருந்தாது. எனினும் துக்கத்தின் மௌனத்தை நோயின் அறிகுறியாக மட்டும் காணாத ஓர் உலகில் அவன் வளர்ந்திருக்கிறான்.

பெயர் விஷயம் இன்னும் நுட்பமானது. இறந்தவரின் பெயரைச் சொல்வதும் படத்தைக் காட்டுவதும் குரலைக் கேட்கச் செய்வதும் பல சமூகங்களில் நீண்ட காலத்துக்குத் தவிர்க்கப்படுகின்றன. ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகள் இறந்துபோன பூர்வகுடியினரின் படம் வரும் நிகழ்ச்சிகளுக்கு முன்னால் எச்சரிக்கை போடுவது இதனால்தான். அதே பெயர் கொண்ட உயிரோடிருப்பவர்களையும் மாற்றுப் பெயரால் அழைக்கிறார்கள். மேற்குப் பாலைவன மக்கள் 'குன்மனாரா' என்றும் வார்ல்பிரி மக்கள் 'குமஞ்சாயி' என்றும் சொல்வார்கள். சிறுவனுக்கு மாமாவின் பெயரே வைக்கப்பட்டிருந்தால் காலையில் வருகைப் பதிவேட்டை வாசிக்கும் ஆசிரியர் ஒவ்வொரு நாளும் சாவை உரக்கச் சொல்கிறார் என்று ஆகிறது. அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாத பையன் முரண்டுபிடிக்கிறான் என்று எழுதப்படுவான். பதிவேட்டிலும் மருத்துவமனைக் கணினியிலும் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு இடுவது கேஸ் மேனேஜரின் முதல் நாள் வேலையாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை அது. வேறு எந்த ஆலோசனை அமர்வும் அந்த அளவுக்கு உடனடி நிம்மதி தந்துவிடாது.

உறவுமுறையைப் புரிந்துகொள்வதில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. அம்மாவின் சகோதரியும் ஒருவகையில் அம்மாவே, அப்பாவின் சகோதரனும் அப்பாவே, அவர்கள் பிள்ளைகள் உடன்பிறந்தவர்களே. மாமனும் அத்தையும் மட்டும் வேறு வகை. இந்த அமைப்பு பல பூர்வகுடி மக்களிடமும் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கரியெரா மக்களின் உறவுமுறையைத் திராவிட உறவுமுறையோடு மானிடவியலாளர்கள் ஒப்பிட்டு நிறையவே எழுதியிருக்கிறார்கள். பெரியம்மா இறந்ததற்குப் பிள்ளை ஏன் இத்தனை நாள் விடுப்புக் கேட்கிறான் என்ற கேள்வி, 'ஆண்ட்டி' என்ற ஒரே சொல்லில் நான்கு உறவுகளை அடக்கிவிடும் அலுவலகத்தில்தான் எழும். தாய், தந்தை, உடன்பிறந்தோர் என்று மட்டும் எழுதிய துக்க விடுப்பு விதிகள் இந்தக் குடும்பங்களுக்குப் பொருந்துவதில்லை.

'வெல்ஃபேர்' என்ற அச்சம்

கேஸ் மேனேஜர் வாசலில் வந்து நிற்கும்போது பாட்டியின் கண்ணுக்கு முதலில் தெரிவது உதவியல்ல, பிள்ளைகளைக் கொண்டுபோகும் 'வெல்ஃபேர்'. 1997-இல் வெளிவந்த 'பிரிங்கிங் தெம் ஹோம்' அறிக்கை, சுமார் 1910 முதல் 1970 வரை பூர்வகுடிப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர் வரை பெற்றோரிடமிருந்து வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டனர் என்று மதிப்பிட்டது. பூர்வகுடியினரின் காவல் மரணங்களை விசாரித்து 1991-இல் அறிக்கை தந்த ராயல் கமிஷன், தான் ஆராய்ந்த 99 மரணங்களில் 43 பேர் சிறுவயதிலேயே குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள் என்று கண்டது. இந்தப் பிரிப்புக்காக அப்போதைய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13 அன்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் குழந்தைகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி மத்திய அரசு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அடங்கிய வட பிரதேசத்தின் பூர்வகுடி ஊர்களுக்குள் ராணுவத்தினரையும் சேர்த்து அனுப்பியிருந்தது.

இது பழைய கதையும் அல்ல. நாட்டின் குழந்தைகளில் சுமார் 6 விழுக்காட்டினரே பூர்வகுடியினர். அரசு ஏற்பாட்டில் வீட்டுக்கு வெளியே வளரும் குழந்தைகளிலோ அவர்கள் 40 விழுக்காட்டுக்கு மேல். எனவே பையன் எங்கே தூங்குகிறான், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், சாப்பாடு இருக்கிறதா என்று படிவத்தை வைத்துக்கொண்டு கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் பிள்ளையைக் கொண்டுபோவதற்கான ஆதாரத் திரட்டலாகத்தான் பாட்டியின் காதில் விழும். துக்க முகாமில் மாறி மாறி உறவினரோடு தூங்குவதை 'நிலையான இருப்பிடம் இல்லை' என்று எழுதும் கோப்பு அவர் அச்சத்தை உண்மையாக்கிவிடுகிறது.

எனவே முதல் சந்திப்பில் படிவம் வேண்டாம். யார் வழியாகப் போவது என்பது முதல் கேள்வி. பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளர், பள்ளியின் பூர்வகுடி உதவி ஆசிரியர், அல்லது குடும்பம் மதிக்கும் மூத்தவர் ஒருவர் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். துக்க முகாமுக்குப் போகலாமா, எப்போது போகலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பையனுக்கு ஆண் பணியாளர், பெண்ணுக்குப் பெண் பணியாளர் என்பது இங்கே வெறும் வசதி அல்ல. ஆண்களுக்கு மட்டும் உரிய பேச்சும் பெண்களுக்கு மட்டும் உரிய பேச்சும் உண்டு. மொழிபெயர்ப்பாளரை அழைக்கும்போதும் உறவுமுறையை விசாரித்துக்கொள்ள வேண்டும். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக் கூடாத சமூகத்தில், மொழி தெரிந்தவர் என்பதற்காக எவரையும் உட்கார வைத்துவிட முடியாது.

உரையாடும் முறைக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் ஐவன் லின், சார்மெய்ன் கிரீன், டான் பெசராப் ஆகியோர் 2016-இல் ஒரு வடிவம் தந்தார்கள். பூர்வகுடி மக்கள் 'யார்னிங்' என்று சொல்லும் உட்கார்ந்து பேசும் வழக்கத்தை அவர்கள் மருத்துவ உரையாடலுக்குப் பொருத்தினார்கள். முதலில் ஊர், உறவு, கால்பந்து என்ற பொதுப்பேச்சு. பிறகு உடல், மனநிலை பற்றி அவர் தன் போக்கில் சொல்லும் கதை. அதன்பின் என்ன செய்யலாம் என்ற பேச்சு. பணியாளர் தன் ஊரையும் குடும்பத்தையும் பற்றிச் சொல்லாமல் முதல் கட்டம் தொடங்குவதே இல்லை. கேள்விக்கு மேல் கேள்வி கேட்பது பயன் தராது. நேரடிக் கேள்விகளுக்குப் பூர்வகுடியினர் பலர் அதிகாரத்தைச் சமாதானப்படுத்த 'ஆமாம்' என்று சொல்லிவிடுவதை மொழியியலாளர் டயானா ஈட்ஸ் நீதிமன்றப் பதிவுகளைக் கொண்டு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 'மனசு பரவாயில்லையா?' என்பதற்குக் கிடைக்கும் 'ஆமாம்' ஒன்றையும் நிரூபிக்காது. கண்ணைப் பார்க்காமல் பேசுவது அங்கே மரியாதை. இடையில் நீளும் மௌனம் யோசனை. டேலி நதிக்கரையைச் சேர்ந்த மிரியம்-ரோஸ் உங்குன்மர்-பாவ்மன் 'தாதிரி' என்று விளக்கிய ஆழ்ந்த கேட்டல் இங்கே நடைமுறைக் கருவியாகிறது. மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து சொல்ல மாட்டாததைப் பதின்ம வயதுப் பையன், வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தபடி சொல்லிவிடுவான்.

இப்படியெல்லாம் பழகிய பணியாளரும் தன்னைப் 'பண்பாடு அறிந்தவர்' என்று சொல்லிக்கொள்ள முடியாது. நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர் இரிஹபெட்டி ராம்ஸ்டன் உருவாக்கிய 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்ற கருத்து ஆஸ்திரேலியச் சுகாதாரத் துறையிலும் ஏற்கப்பட்டுள்ளது. சேவை பாதுகாப்பாக இருந்ததா என்பதைச் சேவை பெற்றவரே சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை.

மதிப்பீடு: இரண்டு பக்கமும் பள்ளம்

பாட் டட்ஜன் உள்ளிட்ட உளவியலாளர்கள் 2014-இல் முன்வைத்த மாதிரி, ஒருவரின் நலத்தை ஏழு இணைப்புகளாகப் பார்க்கிறது: உடல், மனமும் உணர்வும், குடும்பமும் உறவும், சமூகம், பண்பாடு, நிலம், ஆவியுலகும் முன்னோரும். எடுத்துக்காட்டுச் சிறுவனுக்கு இந்த ஏழில் எது அறுந்தது, எது இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டால் மதிப்பீடு வேறு திசையில் போகிறது. மாமா சொந்த நிலத்தில் சாகவில்லை. டயாலிசிஸுக்காக நகரத்தில் தங்கிய காலமெல்லாம் ஊரை நினைத்து ஏங்கியிருப்பார். அந்த ஏக்கமும் பையனின் துக்கத்தில் கலந்திருக்கிறது. மேற்குப் பாலைவன ஓவியர்கள் 2000-ஆம் ஆண்டு தங்கள் ஓவியங்களை சிட்னியில் ஏலம் விட்டுப் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, ஊரிலேயே டயாலிசிஸ் வசதி அமைக்க வழிசெய்தது இந்த வலியால்தான்.

இறந்தவர் இரவில் வருகிறார் என்று பையன் சொன்னதை எடுத்துக்கொள்வோம். பில்பரா பகுதியின் நியமால் மக்களைச் சேர்ந்த உளவியலாளர் ட்ரேசி வெஸ்டர்மன், 13 முதல் 17 வயது வரையான பூர்வகுடி இளையோருக்கென்றே ஒரு மதிப்பீட்டுப் பட்டியலை உருவாக்கினார். இறந்தவரைக் காண்பதும் குரலைக் கேட்பதும் பல சமூகங்களில் துக்கத்தின் இயல்பான பகுதி. அதை அப்படியே மனச்சிதைவாகக் குறித்துவிடக் கூடாது என்று அவர் வலியுறுத்தி வருகிறார். சில இடங்களில் துக்கத்தின்போது உடலைக் காயப்படுத்திக்கொள்வதும் சடங்கில் அடங்கும்.

ஆனால் இந்த அறிவு மறுபக்கப் பள்ளத்தில் தள்ளிவிடவும் கூடும். பூர்வகுடி இளையோரின் மரணத்துக்கு முதன்மைக் காரணம் தற்கொலை. 'அது அவர்கள் வழக்கம்' என்று ஒரு பணியாளர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வதும், வழக்கத்தை நோயென்று முத்திரை குத்துவதும் ஒரே அளவு கேடுதான். வேறுபாட்டைக் கண்டறியும் வழி பணியாளரின் ஊகத்தில் இல்லை, குடும்பத்திடம்தான் இருக்கிறது. அந்தக் காயம் எல்லோர் முன்னிலையிலும் துக்க நாட்களில் உண்டானதா, பிறகு தனிமையில் உண்டானதா? மாமா வருவது ஆறுதலாக இருக்கிறதா, அச்சமாக இருக்கிறதா, தன்னோடு வா என்கிறாரா? இவை பாட்டிக்கும் மூத்த ஆண்களுக்கும் புரியும் கேள்விகள். வருவது நல்லதற்கா என்பதை அவர்களால் சொல்ல முடியும். சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்பதைப் பையனிடம் நேராகவே, பதற்றமில்லாமல் கேட்க வேண்டும். மற்றவற்றில் சுற்றிப் பேசலாம், இதில் கூடாது.

சாவுக்கு யாராவது காரணமாக்கப்படுகிறார்களா என்பதையும் மெதுவாக அறிந்துகொள்ள வேண்டும். சில சமூகங்களில் மரணம் தானாக நேர்வதாகக் கருதப்படுவதில்லை. கடமை தவறிய உறவினர்மேல் பழி விழும். அதற்குத் தண்டனையும் உண்டு. பையன் குடும்பத்தின்மேல் அந்தப் பழி இருந்தால் அவன் தூங்காததற்கு அச்சமே காரணமாக இருக்கலாம். அப்போது எந்த வீட்டில், எந்தத் தெருவில் தங்குவது என்பது பாதுகாப்புக் கேள்வியாகிறது.

இரகசியம் பற்றியும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். வட பிரதேசச் சட்டப்படி குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்று நம்பக் காரணமிருந்தால் ஒவ்வொருவரும் அதை அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும். 'நீ சொல்வது நம்மோடு இருக்கும்' என்று வாக்களித்துவிட்டுப் பிறகு மீறும் பணியாளர், அந்தக் குடும்பத்தின் கதவை அடுத்து வருபவருக்கும் சேர்த்து மூடிவிடுகிறார்.

கால அளவிலும் சிக்கல் உண்டு. அமெரிக்க உளமருத்துவ சங்கத்தின் 2022 கையேடு 'நீடித்த துக்கக் கோளாறு' என்பதைச் சேர்த்து, சிறுவர்களுக்கு இறப்பிலிருந்து ஆறு மாதம் என்று எல்லை வைத்தது. துக்கம் அவர்களுடைய பண்பாட்டு நெறியைத் தாண்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. மாமா இறந்த நான்காம் மாதம் அண்ணன் முறையுள்ள ஒருவரும், ஏழாம் மாதம் பெரியம்மாவும் இறந்தால் ஆறு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது? துக்கத்தின்மேல் துக்கம் அடுக்கடுக்காக வந்து சேரும் வாழ்க்கைக்கு இந்தக் கடிகாரம் செய்யப்படவில்லை. அதன் அடியில் தலைமுறைகளின் இழப்பும் கிடக்கிறது. அது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் தடத்தை ஜூடி அட்கின்சன் 2002-இல் வெளியிட்ட 'ட்ராமா ட்ரெயில்ஸ்' நூலில் பின்தொடர்ந்தார்.

திட்டம்

நல்ல திட்டத்தில் பையனின் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் நாலைந்து உறவினர் பெயர்கள் இருக்கும். மாமா செய்துவந்த வேலையை இனி யார் செய்வார் என்பது அதில் முதல் கேள்வி. பையனை வேட்டைக்குக் கூட்டிப்போனவர், திட்டத் துணிந்தவர், காசு கொடுத்தவர் அவராக இருந்திருக்கலாம். அந்த இடத்துக்கு உரிமையுள்ளவர் யார் என்பது உறவுமுறையில் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருக்கும். அரசு ஊதியத்தில் ஒரு வழிகாட்டியைத் தேடி அமர்த்துவதற்கு முன்னால் அந்த மனிதரைத் தேட வேண்டும். அவருக்கு வண்டிக்கு எரிபொருள் தேவைப்பட்டால் அதுவே திட்டத்தின் செலவு.

15 வயது என்பது மத்திய ஆஸ்திரேலியாவில் பையன்களை ஆண்களாக்கும் சடங்குகளின் வயதும்கூட. அவை பெரும்பாலும் வெப்பமான கோடை மாதங்களில் நடக்கின்றன. மாமன்மார்களுக்கு அதில் பொறுப்பு உண்டு. அது பற்றிப் பணியாளர் கேட்கவோ கோப்பில் விவரம் எழுதவோ கூடாது. அந்த மாதங்களில் சந்திப்புகள் வைக்காமல் இருந்தால் போதும். திரும்பி வந்தவனைச் சின்னப் பையன் என்று நடத்தாமல் இருப்பதும் முக்கியம்.

மற்றவை அலுவலக வேலைகள். கவர்ச்சியற்றவை, ஆனால் இவற்றில்தான் பண்பாட்டறிவு வேலை செய்கிறதா என்பது தெரியும். பள்ளியில் அந்த மூன்று வாரத்தைக் காரணமில்லாத விடுப்பு என்பதிலிருந்து மாற்றிப் பதியச் செய்வது. மாமா இருக்கும் விளையாட்டுக் குழுப் படத்தைப் பள்ளிச் சுவரிலிருந்து எடுப்பதா, மூடுவதா என்று குடும்பத்தைக் கேட்டுச் செய்வது. சாவு நேர்ந்த அரசு வீட்டைக் குடும்பம் காலி செய்திருக்கிறது, கைவிடவில்லை என்று வீட்டுவசதித் துறைக்கு எழுதுவது. வாரம் ஒருநாள் காவல்நிலையத்தில் கையெழுத்திட வேண்டிய பிணை நிபந்தனை இருந்தால், துக்க முகாமுக்குப் போகும் முன்பே அதைத் தளர்த்த வழக்கறிஞரைப் பிடிப்பது. பையன் தடுப்புக் காவலில் இருந்தால் அடக்கத்துக்கு அனுமதி வாங்குவது இன்னும் கடினம். குடும்பக் கடமை நேரடிக் குடும்பத்தோடு முடிவதில்லை, அடக்கத்துக்குப் போக அனுமதி கேட்கும் கோரிக்கைகளைச் சாதகமாகப் பார்க்க வேண்டும் என்று காவல் மரண ராயல் கமிஷன் 1991-இலேயே தன் 171-ஆம் பரிந்துரையில் சொல்லிவிட்டது. அடக்கத்துக்குப் போக முடியாமல் போன துக்கம் பிறகு எந்த ஆலோசனையாலும் எளிதில் தீராது.

பாட்டியால் பார்த்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் சட்டத்தில் 'பூர்வகுடிக் குழந்தை இடமமர்த்தல் நெறி' இருக்கிறது. தடுத்தல், கூட்டுப்பணி, இடமமர்த்தல், பங்கேற்பு, தொடர்பு என்ற ஐந்து கூறுகள் கொண்டது. உறவினர் வீடு முதலில், சொந்தச் சமூகம் அடுத்து என்ற வரிசையை மட்டும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு முக்கியம் ஐந்தாவது கூறு. அவன் எங்கே வளர்ந்தாலும் சாவுச் செய்தி அவனுக்கு வந்து சேர வேண்டும், அவன் போய்ச் சேரவும் வழி இருக்க வேண்டும்.

சிகிச்சையிலும் இரண்டு வழிகள் சேர்ந்து போகலாம். பாலைவன மக்களின் மருத்துவர்களான 'ங்கங்காரி'கள், அதிர்ச்சியாலும் துக்கத்தாலும் இடம்பெயர்ந்துவிட்ட 'குருன்பா' என்னும் உயிராவியைக் கையால் தொட்டுத் திரும்ப அமர்த்துகிறார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட, பாலைவனப் பெண்களின் அமைப்பான என்பிஒய் மகளிர் மன்றம் அவர்களைப் பணியில் அமர்த்தி, மருத்துவமனைகளோடு சேர்ந்து இயங்க வைத்திருக்கிறது. மனநல மருத்துவரிடம் போவதா ங்கங்காரியிடம் போவதா என்று பையனைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. நெருக்கடி நேரத்தில் கூப்பிட, பூர்வகுடியினரே பதில் சொல்லும் '13யார்ன்' தொலைபேசிச் சேவை 2022 முதல் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது.

ஒரே பூர்வகுடி இல்லை

இதுவரை சொன்னவை பெரும்பாலும் மத்திய ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. ஐரோப்பியர் வந்தபோது கண்டத்தில் 250-க்கு மேற்பட்ட மொழிகள் இருந்தன. துக்க வழக்கங்களும் அப்படியே பலவகை. டோரஸ் நீரிணைத் தீவுகளில் அடக்கம் முடிந்து ஓராண்டோ பல ஆண்டுகளோ கழித்துக் கல்லறைக் கல்லைத் திறந்துவைக்கும் விழா நடக்கிறது. அன்று விருந்தும் நடனமும் உண்டு. அங்கே துக்கக் கோப்பை ஆறு மாதத்தில் மூடுபவர் பாதியில் மூடுகிறார். சில குடும்பங்கள் இறந்தவரின் பெயரையும் படத்தையும் பெருமையோடு காட்டுகின்றன. கிறிஸ்தவ ஆராதனையே முழுச் சடங்காக இருக்கும் வீடுகளும் நிறைய உண்டு.

மெல்பர்ன், சிட்னி நகரங்களில் வளரும் பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் மக்கள் யார் என்பதே முழுதாகத் தெரியாது. பாட்டி பிரிக்கப்பட்ட தலைமுறையாக இருந்திருப்பார். எப்படி அழ வேண்டும் என்று தெரியாமல் நிற்பதே அப்படிப்பட்ட பிள்ளையின் துக்கத்தைக் கூட்டுகிறது. 'உங்கள் சடங்கு என்ன?' என்று நல்லெண்ணத்தோடு கேட்கும் பணியாளர் அவனைக் கூனிக்குறுக வைத்துவிடக்கூடும். பிரிந்த குடும்பங்களை 1980 முதல் தேடிச் சேர்த்துவரும் 'லிங்க்-அப்' போன்ற அமைப்பின் துணையோடு மெல்லத் தொடங்க வேண்டிய வேலை அது.

கோப்பை மூடுவதும் யார் கையில் கோப்பு என்பதும்

துக்கம் முடிந்துவிட்டது என்று கேஸ் மேனேஜர் தீர்மானிக்க முடியாது. மாமாவின் இடத்தில் ஒருவர் வந்துவிட்டாரா, பையன் தூங்குகிறானா, பள்ளிக்குத் திரும்பியது நிலைத்திருக்கிறதா, அடுத்த சாவு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று பாட்டிக்குத் தெரிகிறதா என்பவற்றைப் பார்த்து, குடும்பத்தின் சம்மதத்தோடு விலகலாம். முதல் ஆண்டு நினைவு நாளும் கோடைக்காலச் சடங்குகளும் கடந்தபின் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. பணியாளர் மாறினால் புதியவரைப் பழையவரே கூட்டிவந்து அறிமுகம் செய்ய வேண்டும். பூர்வகுடிப் பணியாளர்களுக்கும் இதே துக்கம் உண்டு. பையனின் மாமா அவர்களுக்கும் உறவாக இருப்பார். அவர்களைப் பாலமாகப் பயன்படுத்தும் அலுவலகம் அவர்களுக்கும் விடுப்பும் ஆதரவும் தர வேண்டும்.

மேலே சொன்ன அத்தனையும் வெளியாள் ஒருவர் படித்துப் பழகிச் செய்யக்கூடியவைதாம். ஆனால் சிட்னியின் ரெட்ஃபெர்னில் 1971-இல் தொடங்கிய முதல் பூர்வகுடி மருத்துவ சேவைக்கும், அதன்பின் பெருகிய சமூக அமைப்புகளுக்கும் இவற்றில் பெரும்பகுதியைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அங்கே வரவேற்பு மேசையில் இருப்பவருக்கே பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். இத்தகைய சேவைகளைப் பூர்வகுடிகள் நடத்தும் அமைப்புகளின் கைக்கு மாற்றுவதாக ஆஸ்திரேலிய அரசுகள் அனைத்தும் 2020-ஆம் ஆண்டின் தேசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதை ஆராய்ந்த உற்பத்தித்திறன் ஆணையம், அரசுகள் தங்கள் வேலைமுறையைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளவில்லை என்று 2024-இல் அறிக்கை தந்தது. பயிற்சி வகுப்புகளால் மட்டும் ஈடுசெய்ய முடியாத குறை இது. கோப்பும் பணமும் முடிவெடுக்கும் அதிகாரமும் அந்த அமைப்புகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.